3 நாள் குளோரோகுயின், 14 நாள் பிரைமாகுயின்: சென்னையில் மலேரியாவுக்கு மருந்து எடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

சென்னைக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்து, விடுதியிலோ வாடகை வீட்டிலோ தங்கியிருக்கும்போது மலேரியா என்று தெரியவந்தவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு இந்தக் காய்ச்சல் வந்தபோது ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, வேலைக்குப் போகலாம் என்றார்கள். சில வாரங்களில் அதே குளிரும் நடுக்கமும் திரும்ப வந்தன. அப்போதுதான் இந்த நோய்க்கு இரண்டு மருந்துகள் உண்டு, அவனுக்குக் கிடைத்தது ஒன்று மட்டுமே என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதன்பின் மருந்துக் கடைக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்து தெரிந்துகொண்டவற்றை, அடுத்தவர் அப்படி அலையாமல் இருக்க, வரிசைப்படுத்தித் தருகிறேன்.

இதில் உள்ள மருந்தளவுகள் தேசிய சிகிச்சை நெறிமுறை வயது வந்தோருக்குச் சொல்லும் அளவுகள். உங்கள் சீட்டில் எழுதியிருப்பதை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் மருத்துவரிடம் கேட்பதற்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கே வேறு.

1. மாத்திரை போடும் முன் ரத்தம் கொடுங்கள்; எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்

காய்ச்சல் என்றதும் கடையில் எதையாவது வாங்கிப் போட்டுவிட்டு மறுநாள் பரிசோதனைக்குப் போனால், ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை குறைந்து கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். ஆகவே மலேரியா மருந்து எதுவும் உள்ளே போகும் முன் ரத்தம் எடுத்துவிட வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்கவும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை அவை ஆபத்தானவை, இந்த ஊரில் இரண்டு காய்ச்சலும் ஒரே பருவத்தில் வருகின்றன.

பரிசோதனைகளில் ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் அடிப்படை. பரிசோதனைக் கூடத்தில் ‘எம்.பி. ஸ்மியர்’ என்றால் புரியும். விரல் நுனியில் குத்தி, சிறு அட்டையில் ஒரு சொட்டு விட்டு, சுமார் இருபது நிமிடத்தில் கோடு பார்க்கும் துரித அட்டையும் உண்டு. ‘க்யூ.பி.சி.’ என்ற பரிசோதனையையும் பல கூடங்கள் செய்கின்றன; அது கிருமி இருப்பதை நன்றாகக் காட்டும், ஆனால் வகையை உறுதிசெய்ய ஸ்மியரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மலேரியா ‘ஆன்டிபாடி’ பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அது முன்பு எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் பாசிட்டிவ் என்று காட்டும்; இன்றைய காய்ச்சலுக்கு அதனால் பயனில்லை.

அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியது கிருமியின் பெயர். சென்னையில் பெரும்பாலும் வருவது விவாக்ஸ். பால்சிபாரம் என்ற மற்ற வகை இங்கே குறைவு. ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்கு மாநிலங்கள், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து திரும்பியவர்களிடம் அதை எதிர்பார்க்க வேண்டும். அப்படிப் பயணம் போயிருந்தால் மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். வெறுமனே ‘மலேரியா பாசிட்டிவ்’ என்று மட்டும் போட்ட அறிக்கையை ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், ஏனென்றால் இனி வரும் எல்லா மருந்தும் அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் தீர்மானமாகிறது. முதல் ஸ்மியரில் ஒன்றும் தெரியாமல் குளிர்காய்ச்சல் தொடர்ந்தால், அடுத்த ஓரிரு நாளில் மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு முறை நெகட்டிவ் வந்ததை வைத்து மலேரியா இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

2. எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் மலேரியாப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பக்கத்தில் எந்த நிலையம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். காலையிலேயே போய்விடுவது உத்தமம். சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து மருந்து வாங்குவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். நடுங்கும் நோயாளியைத் தனியாக அனுப்பாமல் ஒருவர் உடன் போக வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. ஏற்கெனவே வெளியில் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையின் அசல், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, கைபேசி எண், இப்போது தங்கியிருக்கும் இடத்தின் முழு முகவரி. இந்தக் கடைசி விஷயத்தில்தான் புதிதாக வந்தவர்கள் தடுமாறுகிறார்கள். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும். பதிவேட்டிலும் அதையே எழுதிவிடுவார்கள். மலேரியா அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால், தனியார் மருத்துவமனையும் உங்கள் விவரத்தைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதைத் தொடர்ந்து சுகாதாரப் பணியாளர் நோயாளி தங்கியிருக்கும் இடத்துக்கு வந்து அறைத் தோழர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ரத்தம் எடுப்பார், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பார். நகரத்து மலேரியாக் கொசு மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் கட்டுமான இடத்துத் தேங்கிய தண்ணீரிலும் பெருகுவது. திருநெல்வேலி முகவரியை எழுதிவைத்தால் அந்தப் பணியாளர் எங்கே போவார்? சென்னை முகவரியைக் கதவு எண், மாடி எண்ணுடன் கேட்டு எழுத வையுங்கள். விடுதிக்காரர் முகம் சுளிப்பார். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

3. முதல் மருந்து: குளோரோகுயின், மூன்று நாள்

விவாக்ஸ் என்று உறுதியானால் ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லக் குளோரோகுயின் தருவார்கள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மொத்தம் 25 மி.கி. என்பது கணக்கு, முதல் நாள் 10, இரண்டாம் நாள் 10, மூன்றாம் நாள் 5 என்று அது பிரியும். சுமார் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது முதல் இரண்டு நாளும் நான்கு நான்கு மாத்திரைகள், மூன்றாம் நாள் இரண்டு மாத்திரைகள் என்று வரும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கு, மாத்திரையிலுள்ள குளோரோகுயினின் அடிப்படை அளவைக் கொண்டது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ‘குளோரோகுயின் பாஸ்பேட் 250 மி.கி.’ என்று பெரிய எழுத்திலும், அது ஏறத்தாழ 150 அல்லது 155 மி.கி. குளோரோகுயினுக்குச் சமம் என்று பொடி எழுத்திலும் இருக்கும். நான்கு மாத்திரைக் கணக்கு இந்த 250 மி.கி. மாத்திரைக்கு உரியது. கடையில் 500 மி.கி. மாத்திரையும் விற்கிறார்கள். சீட்டில் ‘நான்கு’ என்று எழுதியிருக்க, கடைக்காரர் 500 கொடுத்துவிட்டால், அளவு இரட்டிப்பாகிவிடும். குளோரோகுயின் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். எனவே வாங்கிய அட்டையை மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டி, எத்தனை என்பதை அந்த அட்டையின்மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மூட்டு வாதத்துக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்பது வேறு மாத்திரை. பெயர் ஒத்துப்போவதால் இதற்குப் பதில் அதை வாங்கிவிடாதீர்கள்.

வெறும் வயிற்றில் போடக் கூடாது. இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ உள்ளே போன பிறகு போட்டால் குமட்டல் குறையும். மாத்திரை கடுங்கசப்பு, ஆகவே நாக்கில் தங்கவிடாமல் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்கிய அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அந்த வேளை மருந்து உள்ளே போகவில்லை என்றே கொள்ள வேண்டும். உடனே மருத்துவரிடம் சொல்லி மறுபடியும் அந்த வேளைக்கு உரியதை எடுக்க வேண்டும். திரும்பவும் வாந்தி வந்தால் வீட்டு வைத்தியத்தில் இறங்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும்; பொதுவாக அது தானே அடங்கும். அசிடிட்டிக்கு ஜெலுசில் போன்ற மருந்து குடிப்பவர்கள் அதற்கும் குளோரோகுயினுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

4. இரண்டாம் மருந்துக்கு முன் ஜி6பிடி பரிசோதனை

விவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலில் போய் உறங்கும். குளோரோகுயின் அதைத் தொடாது. வாரங்களோ மாதங்களோ கழித்து அது விழித்து ரத்தத்துக்கு வருவதுதான் திரும்பி வரும் காய்ச்சல். புதிதாகக் கொசு கடிக்க வேண்டியதே இல்லை. அந்த உறங்கும் கிருமியைக் கொல்வது பிரைமாகுயின்.

ஆனால் ஜி6பிடி என்ற நொதி உடம்பில் குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இந்தக் குறை பரம்பரையாக வருவது, ஆண்களிடம் அதிகம். பிறந்ததிலிருந்து எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கும் இருக்கலாம் என்பதால், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று நாமாகச் சொல்லிவிட முடியாது. முன்பு ஏதாவது மருந்து சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்ததுண்டா, கறுப்பாகச் சிறுநீர் போனதுண்டா, குடும்பத்தில் யாருக்காவது அப்படி நடந்ததா என்று யோசித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனை எல்லா இடத்திலும் உடனடியாகக் கிடைப்பதில்லை. பெரிய மருத்துவமனைகளிலும் தனியார் கூடங்களிலும் செய்கிறார்கள். சில கூடங்கள் ரத்தத்தைத் தலைமைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பதால் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் குளோரோகுயினைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, அதைத் தொடங்கிவிடலாம். கட்டணம் கூடத்துக்குக் கூடம் மாறுகிறது. தொலைபேசியில் நான்கு இடத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ‘இருக்கிறது, இல்லை’ என்று மட்டும் சொல்லும் பரிசோதனையும், அளவை எண்ணாகத் தருவதும் உண்டு. பெண்களிடம் இடைப்பட்ட குறைபாடு இருந்தால் முதல் வகையில் தப்பிவிடக்கூடும் என்பதால் அவர்களுக்கு அளவை எண்ணாகத் தரும் பரிசோதனையே மேல். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவு தவறாக வரலாம். அதையும் சொல்லிவிட வேண்டும். பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் கண்காணிப்புடன் பிரைமாகுயின் தருவதும் நடைமுறையில் இருக்கிறது; அது மருத்துவரின் முடிவு.

குறைபாடு உறுதியானாலும் வழி அடைபட்டுவிடாது. வாரம் ஒரு முறை, கிலோவுக்கு 0.75 மி.கி. வீதம், எட்டு வாரம் மருத்துவக் கண்காணிப்பில் தரும் முறை இருக்கிறது.

5. இரண்டாம் மருந்து: பிரைமாகுயின், 14 நாள்

எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது. கிலோவுக்கு 0.25 மி.கி., அதாவது பெரியவருக்கு நாளொன்றுக்கு 15 மி.கி., தொடர்ந்து 14 நாள். ஜி6பிடி முடிவு கையில் இருந்தால் குளோரோகுயினின் முதல் நாளிலேயே சேர்த்துத் தொடங்கலாம். மாத்திரை 2.5, 7.5, 15 மி.கி. என்று பல அளவில் வருவதால், ஒரே நாளுக்குரிய மருந்து ஆறு மாத்திரையாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். இங்கும் அட்டையைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

அரசு நிலையத்தில் கொடுத்தால் 14 நாளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். சில நாளுக்கு மட்டும் கொடுத்து, மறுபடி வரச் சொன்னால், வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெளியில் வாங்குவதாக இருந்தால், தெருமுனைக் கடையில் குளோரோகுயின் கிடைக்கும், பிரைமாகுயின் ‘ஸ்டாக் இல்லை’ என்பார்கள். பெரிய மருத்துவமனை வாசலில் உள்ள கடைகளில் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கடைக்காரர் ‘குளோரோகுயின் போட்டாச்சே, இது எதுக்கு?’ என்று சொன்னால் பேச்சை வளர்க்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். உடம்பு தேறியதும் ஊருக்குப் போய் ஓய்வெடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள், மொத்த மருந்தையும் வாங்கிப் பைக்குள் வைத்த பிறகே பேருந்து ஏற வேண்டும். சிற்றூரில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

காய்ச்சல் மூன்றாம் நாளில் விட்டுவிடும். ஐந்தாம் நாள் நோயாளி குளித்து, வேலைக்குக் கிளம்பி, மாத்திரையை மறப்பார். இதற்கு நாங்கள் கண்ட வழி: பால்பாயிண்ட் பேனாவால் அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மாத்திரைக் குமிழின்மேலும் தேதியை எழுதிவிடுவது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தேதியைப் பிதுக்கி எடுத்தால் போட்டோமா இல்லையா என்ற சந்தேகமே எழாது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. விட்டதை எப்படி ஈடுசெய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த 14 நாளும், குறிப்பாக முதல் வாரத்தில், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, படியேற மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இலேசான வயிற்றுவலியும் குமட்டலும் வரலாம், சாப்பாட்டுக்குப் பின் போட்டால் பெரும்பாலும் தாங்கக்கூடியவை.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கிடையாது. பாலூட்டும் தாய் குழந்தையின் வயதைச் சொல்லி மருத்துவரைக் கேட்க வேண்டும். கர்ப்ப காலத்தில் குளோரோகுயின் எடுக்கலாம். பிரைமாகுயினைப் பிரசவத்துக்குப் பின்னர் வைத்துக்கொள்வார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் மட்டும் இருந்தாலும் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

6. பால்சிபாரம் என்று வந்திருந்தால்

அதற்குக் குளோரோகுயின் உதவாது. ஆர்ட்டிசுனேட் மூன்று நாள், அதனுடன் முதல் நாள் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின், இரண்டாம் நாள் ஒரே ஒரு வேளை பிரைமாகுயின் என்பது தமிழகம் உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களுக்கான தேசிய முறை. வடகிழக்கு மாநிலங்களில் ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் தருகிறார்கள். அரசுத் திட்டத்தில் வரும் கூட்டு மருந்து அட்டைகள் வயதுக்கேற்ப நிறம் பிரிக்கப்பட்டவை. 15 வயதுக்கு மேற்பட்டவருக்கு வெள்ளை, 9 முதல் 14 வரை சிவப்பு, 5 முதல் 8 வரை பச்சை. கையில் வந்த அட்டையின் நிறத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிசுனேட் மாத்திரையைத் தனியாக யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். எதிர்ப்புத்திறன் வளர்ந்துவிடும் என்பதால் அப்படித் தனி மாத்திரையாக விற்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. இரண்டு வகையும் கலந்திருப்பதாக அறிக்கை சொன்னால், கூட்டு மருந்துடன் 14 நாள் பிரைமாகுயினும் உண்டு.

7. வீட்டில் வைத்திருக்கக் கூடாத நிலைகள்

தொடர் வாந்தி, பேச்சில் குழப்பம், வலிப்பு, எழுந்து உட்கார முடியாத தளர்ச்சி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளித்தல், எங்கிருந்தாவது ரத்தக் கசிவு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108க்கு அழையுங்கள். கடுமையான மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசியை நரம்பில் செலுத்த வேண்டும், அது படுக்கை வசதியுள்ள மருத்துவமனையில்தான் முடியும். மருந்து தொடங்கி மூன்று நாள் முழுதாகக் கழிந்தும் காய்ச்சல் விடவில்லை என்றாலும் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

8. செலவும் தாள்களும்

அரசு வழியில் மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் செலவில்லை. வெளியில் வாங்கினாலும் குளோரோகுயினும் பிரைமாகுயினும் விலை மலிந்தவை. இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாயைத் தாண்டாது. பணம் கரைவது மருத்துவர் கட்டணத்திலும், திரும்பத் திரும்ப எடுக்கும் பரிசோதனைகளிலும், தேவையில்லாத படுக்கையிலும்தான். தாங்கக்கூடிய சாதாரண விவாக்ஸ் காய்ச்சலுக்குப் பொதுவாக மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை.

தங்க நேர்ந்து காப்பீட்டில் கேட்பதாக இருந்தால், பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்கின்றன. கிருமியின் பெயர் உள்ள ஆய்வக அறிக்கை, மருந்துச் சீட்டு, ரசீதுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றின் அசலைக் கொடுக்கும் முன் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். அலுவலக விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழை மருந்து வாங்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். பின்தேதியிட்டு வாங்கப் போனால் அலைச்சல்தான். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பிரைமாகுயின் என்ற பெயரும் நாள்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். இல்லையென்றால் காரணம் கேளுங்கள்.

9. மருந்து முடிந்த பிறகு

குணமாகிவிட்டதா என்று பார்க்கத் துரித அட்டையை நம்ப வேண்டாம். கிருமி செத்த பிறகும் அதன் புரதம் ரத்தத்தில் தங்குவதால், குறிப்பாகப் பால்சிபாரத்துக்குப் பின், சில வாரங்கள் வரை அந்த அட்டை பாசிட்டிவ் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு சுற்று மருந்து தொடங்கியவர்கள் உண்டு. சரிபார்க்க வேண்டுமானால் ஸ்மியர் எடுக்கவும்.

முழுதாகக் குணமாகி மூன்று மாதம் ஆகும் வரை ரத்த தானம் செய்யக் கூடாது. முகாமில் தரும் படிவத்தில் மலேரியா பற்றிய கேள்விக்கு மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த ஓராண்டுக்குள் எந்த ஊரில் காய்ச்சல் வந்தாலும், முதலில் மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி, முன்பு வந்தது எந்த வகை, எந்த மருந்து எத்தனை நாள் போட்டது என்பதை அந்தப் பழைய சீட்டுடன் மருத்துவர் முன் வையுங்கள். ஜி6பிடி அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் போதும், வேறு சில மருந்துகளுக்கும் அதைக் கேட்பார்கள்.